வளைந்த கை வேறு, எறிதல் வேறு

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, இடக்கை வேகப்பந்து வீச்சாளன். பிறவியிலிருந்தே அவனுடைய இடது முழங்கை முழுமையாக நிமிராது. அண்மையில் ஒரு லீக் ஆட்டத்தில், பந்தை எறிவதாகக் கூறி நடுவர் நோ-பால் கொடுத்து எச்சரித்தார். அவன் வேகப்பந்து வீசுவதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: இப்போதே அந்த முடிவுக்கு வர வேண்டாம். கை வளைந்திருப்பதை விதி தடுக்கவில்லை. கை தோள் மட்டத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரல்களை விட்டு விலகும் வரை முழங்கை நிமிர்கிறதா என்பதையே அது பார்க்கிறது; அப்படி நிமிர்ந்தால் அதுவே எறிதல். வளைந்த கை கடைசி வரை அதே வளைவோடு வந்தால் அது முறையான பந்துவீச்சுதான். தெருக் கிரிக்கெட்டில் ‘மாங்கா’ (எறிகிறான்) என்று கூச்சலிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் இயான் மெக்கிஃப் சான்று. அவரும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். தம் கை முழுமையாக நிமிராது என்று விளக்கம் சொன்னவர். 1958-59 தொடரின் மெல்பர்ன் டெஸ்டில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் வீழ்த்தி இங்கிலாந்தை 87 ஓட்டங்களில் சுருட்டியபோதே அவர் எறிகிறார் என்ற புகார் வலுத்தது. 1963 டிசம்பரில் பிரிஸ்பேனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் வீசிய ஒரே ஓவரில் நடுவர் கோலின் ஈகர் நான்கு முறை நோ-பால் கொடுத்தார். அணித்தலைவர் ரிச்சி பெனோ அதன்பின் அவரிடம் பந்தைத் தரவில்லை. 18 டெஸ்டுகளில் 45 விக்கெட் எடுத்திருந்த அவர், அந்த ஆட்டத்தோடு 28 வயதில் ஓய்வு பெற்றார். அவர் எறிந்தாரா இல்லையா என்று அன்று அளந்து சொல்லக் கருவி கிடையாது; நடுவரின் கண்தான் அளவுகோல்.

இன்று அளக்க முடியும். ஏறத்தாழ எல்லா வீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்வது ஆய்வில் தெரியவந்ததால், 2005 முதல் ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) 15 டிகிரி வரை அனுமதிக்கிறது. ஆனால் இது சர்வதேச ஆட்டங்களுக்கான வரம்பு. அடிப்படை விதியில் டிகிரிக் கணக்கு இல்லை என்பதால், லீக் ஆட்டத்தில் நடுவர் தம் கண்ணை நம்பி நோ-பால் கொடுப்பது தவறாகாது. அதே இன்னிங்ஸில் மீண்டும் எறிந்தால் வீச்சாளரை அவர் நிறுத்தியும் விடலாம்.

ஆகவே முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, முழங்கை எந்த அளவு வரை நிமிர்கிறது என்பதை அளந்து எழுதி வாங்குங்கள். செல்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுப்பது நல்லதுதான், ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வளைந்த கை தோளோடு சுழலும்போது, ஒரே கோணத்தில் பார்ப்பவருக்கு அது நிமிர்வதுபோலத் தோன்றும். பல அதிவேகக் கேமராக்களைக் கொண்டு முப்பரிமாணத்தில் அளப்பதே நம்பகமானது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஐசிசி ஏற்புப் பெற்றது. அங்கே சோதிக்க வழி உண்டா என்று மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் மூலம் விசாரியுங்கள்.

சோதனையில் பவுன்சர் (குத்தி உயர எழும்பும் பந்து) உட்பட அவன் வீசும் எல்லா வகைப் பந்துகளையும், ஆட்டத்தில் வீசும் அதே வேகத்தில் வீசச் சொல்லுங்கள். அளவு மிஞ்சினாலும் வழி அடைபட்டுவிடாது: 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட பாகிஸ்தானின் முகமது ஹஸ்னைன், வீச்சைத் திருத்திக்கொண்டு அதே ஆண்டு ஜூனில் அனுமதி பெற்றார். திருத்தும் மாதங்களில் வேகம் குறையக்கூடும்; அப்போது அவனை ஆட்டங்களில் இறக்கி அவசரப்படுத்த வேண்டாம்.