நூலகத் தொழில்நுட்ப இதழுக்குக் கட்டுரை: வேலூர் வட்டாரத்துக் கேள்விகள், பதில்கள்

எங்கள் நூலகத் தொழில்நுட்ப இதழுக்குக் கட்டுரை கேட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து நூலகர்களை அழைத்திருந்தோம். தேர்வுக் குழுவில் இருப்பவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

எங்களுடையது சிறிய கிளை நூலகம். நான் எழுத என்ன இருக்கிறது, ஐயா? (குடியாத்தம்)

நிறைய இருக்கிறது, அம்மா. இன்று உலகெங்கும் ஓடும் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டார நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்டது. பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நெருக்கடியில் பிறந்தது. 2000 ஜனவரியில் வேலைக்கு வந்தது. உங்களுக்கு எது தடைப்பட்டது, என்ன செய்தீர்கள், எது சரிவரவில்லை, எவ்வளவு செலவானது என்று எழுதுங்கள். விற்பனையாளரின் கையேட்டை மட்டும் கட்டுரையாக்கி அனுப்பாதீர்கள்.

யுஜிசி கேர் பட்டியலில் இதழ் இருக்கிறதா? (ஆற்காடு)

தரமான ஆய்விதழ்கள் என்று ஏற்றவற்றின் அந்தப் பட்டியலையே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025இல் கைவிட்டுவிட்டது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது இருக்கிறது. அனுப்பலாமா? (ஆம்பூர்)

வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கட்டுரை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி, வரிக்கு வரி படித்துப் பார்த்து அனுப்புங்கள்.

எங்கள் கோஹாவில் 'கோட்டை' என்று தேடினால் வேலூர்க் கோட்டை பற்றிய சில நூல்கள் வருவதில்லை. பதிவில் அதே சொல்தான் இருக்கிறது. ஏன்? (காட்பாடி, கல்லூரி நூலகர்)

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். யூனிகோடில் 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் ஆகிய இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து அவசரமாக மாற்றிய பதிவுகளில் கொம்பு, மெய்க்கு முன்னால் தவறாக நின்றுவிடுவதும் உண்டு. முதல் வகையை, தேடலுக்காக அட்டவணையிடும்போது யூனிகோடு இயல்பாக்கம் (இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்குவது) செய்தாலே சரிசெய்யலாம்.

இயல்பாக்கம் தீர்க்காதவையும் இருக்கின்றன. 'ஸ்ரீபுரம்' என்று தேடிப் பாருங்கள். ஸ்ரீயைச் சிலர் 'ஸ'வில் தொடங்குகிறார்கள், சிலர் 'ஶ'வில். இரண்டும் திரையில் ஒரே வடிவம். 'ஔவையார்' என்பதை ஒ, ள என இரண்டு எழுத்துகளாக அடித்த பதிவுகளும் வரும். இவற்றுக்குத் தனி மாற்று விதி எழுத வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு? தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்தால் போதாதா? (ராணிப்பேட்டை)

போதாது. வெல்லமும் வெள்ளமும் அங்கே ஒன்றாகிவிடும். மேற்குறிகளோடு எழுதினால் பிரிக்கலாம். அந்தக் குறிகளை எந்த வாசகர் தட்டச்சு செய்வார்?

தமிழ்த் தட்டச்சு தெரியாத வாசகர்களே எங்களிடம் அதிகம், ஐயா. அவர்களை விட்டுவிடுவதா? (மீண்டும் ராணிப்பேட்டை)

விடக் கூடாது, உங்கள் கவலை நியாயமானது. நூற்பட்டியல் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தின் 880ஆம் புலம் இதற்காகவே இருக்கிறது. ஒரே பதிவில் இரண்டு எழுத்து வடிவங்களையும் சேர்த்து வைக்கலாம். ஆங்கில எழுத்து துணையாக வரட்டும். தமிழ் நூலின் பதிவில் தமிழே இல்லாமல் போவதை நான் ஒப்ப மாட்டேன். உங்கள் வாசகர்கள் உண்மையில் எப்படித் தேடுகிறார்கள் என்பதைத் தேடல் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுங்களேன். எனக்கு எதிரான முடிவு வந்தாலும் வெளியிடப் பரிந்துரைப்பேன்.

கட்டணம் உண்டா? கேர் பட்டியல் எண் என்ன? (வாணியம்பாடி)

கட்டணம் இல்லை. விரைவாக வெளியிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். பட்டியலைப் பற்றி ஆற்காட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே அனுப்பலாமா? (திருப்பத்தூர்)

கூடாது, தம்பி. அதில் நீங்களே செய்து பார்த்த ஒன்றை எடுத்துப் புதிதாக எழுதுங்கள்.

பதியாமல் வெளியே போகும் நூலைக் கண்டு ஒலிக்கும் ஆர்எஃப்ஐடி வாயில் காரணமில்லாமல் ஒலிக்கிறது. (வேலூர்)

அது என் துறை இல்லை. பொருத்தியவர்களிடம் கேளுங்கள்.

பிழைப் பதிவுகளை இன்றே திருத்தத் தொடங்கட்டுமா? (காட்பாடி)

முதலில் தரவு முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். ஐந்தாறு சொற்களைத் தேடி, இப்போது எத்தனை நூல்கள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு அதே சொற்களை மறுபடியும் தேடுங்கள். அந்த இரண்டு பட்டியல்களோடு கட்டுரையை அனுப்புங்கள். மாற்று விதிகளையும் பின்னிணைப்பாகச் சேர்த்தால் மற்ற நூலகங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம்.