பனிக்காலப் பீரும் நம்ம ஊர் நாக்கும்: கேள்வி பதில்

பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துப் பீர்க்கடை ஒன்றில் 11 வருடம் பரிமாறிவிட்டு நாகர்கோவில் திரும்பியவன் நான். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் ஊருக்கு வரத் தொடங்குவார்கள். அவர்கள் பெட்டியில் கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சிய பனிக்காலப் பீர், கறுத்த குப்பி நாலைந்து இருக்கும். இதை எப்படிக் குடிக்கிறது என்று எனக்குப் போன் வரும். இந்த வருடம் கேள்விகளை எழுதியே அனுப்பச் சொன்னேன். 21 வயது ஆகாதவர்களுக்கு இது இல்லை.

தக்கலையிலிருந்து: அண்ணே, பீர்னா மஞ்சளா, சில்லுனு இருக்கணும். மச்சான் ஜெர்மனியில இருந்து கொண்டு வந்தது கறுப்பா இருக்கு, இனிக்குது. கெட்டுப் போச்சா?

கெடவில்லை மக்கா, அதன் குணமே அதுதான். வழக்கமான பீரை விட வாற்கோதுமை அதிகம் போட்டு, அதிலும் கொஞ்சத்தைக் கருக வறுத்துக் காய்ச்சுவார்கள். அந்த வறுவலில் நிறமும் காப்பிக்கொட்டை மணமும் வருகிறது. புளிக்க வைக்கிற நுண்ணுயிரான ஈஸ்ட் தின்றது போக மிஞ்சிய சர்க்கரைதான் இனிப்பு.

குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் வெயில் நாளில் காய்ச்சினால் புளித்துவிடும். அதனால் ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ல் ஒரு கட்டளை போட்டார்கள்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம். குளிர்காலம்தான் காய்ச்சுகிற காலமாக இருந்தது. நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பீர் காய்ச்சியே ஆகவேண்டும் என்று பழைய சட்டமே இருந்தது. டென்மார்க்கில் இப்போதும் நவம்பர் முதல் வெள்ளி இரவு 8.59-க்கு டூபோர்க் கம்பெனியின் கிறிஸ்துமஸ் பீரை இறக்குவார்கள், தெருவே கூடிவிடும்.

குளச்சலிலிருந்து: நான் குடிச்சதுல கிராம்பு வாசம் அடிச்சுது. நம்ம மாறாமலை கிராம்பு மாதிரி ஏதாவது போடுவாங்களா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பெல்ஜியக்காரர்கள் போடுவதுண்டு. ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை எல்லாம் கிறிஸ்துமஸ் பீருக்குள் போகும். ஜெர்மன்காரர்கள் போடமாட்டார்கள். 1516-ல் வந்த பவேரியச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுகிற பூ), தண்ணீர் என்று மூன்றை மட்டுமே ஒத்துக்கொண்டது. அந்த வழக்கம் இன்னும் அவர்கள் கையில் ஊறிக்கிடக்கிறது. ஆனாலும் ஷ்னைடர் அவென்டினஸ் என்ற கோதுமை பீரைத் திறந்தால் கிராம்பும் வாழைப்பழமும் சேர்ந்து மணக்கும். இரண்டில் ஒன்றுகூட உள்ளே கிடையாது. அந்த ஈஸ்ட் புளிக்க வைக்கும்போதே கிராம்பு மணம் உள்ள ஒரு பொருளையும், பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற அதே எஸ்டர் என்ற மணப்பொருளையும் உண்டாக்குகிறது. எங்க அம்மை அந்தக் கிளாஸை மோந்து பார்த்துவிட்டு, "மட்டிப்பழம் யாரு உரிச்சா?" என்று கேட்டாள். ஒரு சொட்டு குடிக்காதவள். மணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாள்.

பெல்ஜியக் கறுப்புப் பீரில் வேறொன்று இருக்கிறது. கறுக்கக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். விளையில் அக்கானி (பதநீர்) வற்றிக் கருப்பட்டிப் பதம் வரும்போது ஒரு வாசம் வருமே, அதற்கு அவ்வளவு பக்கத்தில் வேறொரு மணத்தை நான் ஐரோப்பாவில் கண்டதில்லை. இந்தப் பீர்கள் நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். கருப்பட்டி, கிராம்பு, மட்டி தெரிந்த நாக்குக்கு இதில் பாதி ஏற்கெனவே பழகியதுதான்.

கருங்கலிலிருந்து: தம்பி பிரஸ்ஸல்ஸ்ல இருந்து வாறான். என்ன வாங்கச் சொல்லணும்?

சுங்கத்தில் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். 330 மில்லி குப்பி ஆறு வாங்கினால் 1.98 லிட்டர், கணக்கு சரி. செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல் (ஏல் என்பது ஒரு பீர் வகை; ஆல்கஹால் 10 சதவீதம்) இரண்டு. சிமே நீலம் (9 சதவீதம்) இரண்டு. சிமே மடத்துத் துறவிகள் 1948-ல் கிறிஸ்துமஸுக்கென்று காய்ச்சிய பீர் அது, இப்போது வருடம் முழுக்கக் கிடைக்கிறது. டி டொல்லே என்ற பீர் ஆலை செய்கிற ஸ்டில்லே நாக்ட் (12 சதவீதம்) ஒன்று. ஆறாவதை அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். ஆஸ்திரியாவின் சாமிக்லாஸ் கண்ணில் பட்டால் அதையே எடுக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரே நாள், டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாளில் மட்டும் காய்ச்சி, மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். 14 சதவீதம்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஐஸ் போடலாமா?

வேண்டாம். முதல் வருடம் நானே ஸ்டில்லே நாக்டை உறைய வைத்துக் குடித்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்று சொன்னேன். கடை முதலாளியம்மா பேசாமல் என் கையைப் பிடித்துக் கிளாஸைச் சுற்றிப் பொத்த வைத்தார். பத்து நிமிடத்தில் உலர்ந்த திராட்சை, கருப்பட்டி, ஆரஞ்சு எல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. குளிர் மணத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடம் மேசைமேல் வையுங்கள், நம்ம ஊர்ச் சூட்டுக்கு அது போதும். 10 முதல் 13 டிகிரிக்குள் வரவேண்டும். வாய் குறுகி வயிறு பருத்த கிளாஸில் பாதி மட்டும் ஊற்றுங்கள். அடியில் ஈஸ்ட் மண்டி தங்கியிருக்கும், கடைசி விரற்கடையைக் குப்பியிலேயே விடுங்கள். நாலு வகை இருந்தால் லேசானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள். ஒரு குப்பியை மூணு பேர் பங்கிட்டால் எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம்.

முட்டத்திலிருந்து: தொட்டுக்க மீன் பொரிச்சா சரியா வருமா அண்ணே?

இந்தப் பீருக்கு வராது. மிளகாய்க் காரமும் 10 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், ருசி போய்விடும். முந்திரிக்கொத்து வையுங்கள். பாசிப்பயறு வறுத்த மணமும் கருப்பட்டியும் டாப்பல்பாக் என்ற கடுமையான ஜெர்மன் பீரோடு அப்படியே ஒட்டும். பிளம் கேக்குக்குப் பெல்ஜிய ஏல். பாம்பெர்க் ஊர் ஷ்லெங்கர்லா ஐஹே என்ற பீர் கிடைத்தால் மட்டும் காரம் குறைத்த பீஃப் வறுவல் வையுங்கள். ஓக் விறகுப் புகையில் உலர்த்திய மால்ட் (முளைகட்டிய வாற்கோதுமை) அதில் இருக்கிறது, அடுப்படி வாசம் வரும்.

கோட்டாறிலிருந்து: ரெண்டு சின்னக் குப்பி குடிச்சுட்டு நடுராத்திரிப் பூசைக்குப் பைக்குல போகலாம்லா?

கூடாது. 10 சதவீதத்தில் 330 மில்லி என்பது, 5 சதவீதத்தில் 650 மில்லிப் பெரிய குப்பி ஒன்றுக்குச் சமம். நீ இரண்டு பெரிய பீர் குடித்தவன். ரத்தம் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்பதுதான் சட்டத்தின் எல்லை, அதை நீ எப்போதோ தாண்டியிருப்பாய். பூசைக்கு நடந்து போ, குப்பியை மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு திற.

அருமனையிலிருந்து: அண்ணா, அப்பாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை எடுக்காங்க. ஒரு வாய் கொடுக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே தங்கச்சி. இதில் சர்க்கரையும் உண்டு. சில மாத்திரைகளோடு ஆல்கஹால் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும்.

குலசேகரத்திலிருந்து: அடுத்த கிறிஸ்துமஸ் வரை வச்சிருந்தா தாங்குமா?

9 சதவீதத்துக்கு மேலே, அடியில் ஈஸ்ட் மண்டி உள்ளதென்றால் தாங்கும், மெருகும் ஏறும். ஆனால் நம்ம ஊர் மேடச் (சித்திரைச்) சூட்டில் ஓட்டு வீட்டுப் பரணில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். வெளிச்சம் படவே கூடாது, ஹாப்ஸ் வெளிச்சத்தில் நாறும். பழுப்புக் குப்பி கொஞ்சம் காக்கும், அதன்மேல் ஒரு செய்தித்தாளும் சுற்றுங்கள். வாங்கிய மாதத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு குப்பி இருந்தால் ஒன்றை இந்த வருடமே திறந்து ருசியைக் குறித்து வைத்தால்தான், அடுத்த வருடம் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.