பழைய கிரீம்வேர் தட்டில் சாப்பிடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை விற்றபோது, வெண்ணெய் நிறத்தில் ஒரு தட்டு வாங்கினேன். 1780 வாக்கில் செய்த கிரீம்வேர், அதாவது பளபளப்பான பூச்சுள்ள வெளிர்நிற ஆங்கிலேயக் களிமண் பாண்டம் என்றார்கள். உண்மையா? இதில் சாப்பிடலாமா?

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. சாப்பிட வேண்டாம். கிரீம்வேரின் பளபளப்பு ஈயம் கலந்த பூச்சால் வருவது. புளி, தக்காளி, எலுமிச்சை பட்டால் ஈயம் உணவில் இறங்கும். பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் இன்னும் மோசம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிஸ்கட்கூட வைக்காதீர்கள்.

சரி, உண்மையா? தட்டைக் கவிழ்த்து, அடி விளிம்பு தட்டோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். பூச்சு தேங்கிய அந்த இடம் மஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ தெரிந்தால் கிரீம்வேராக இருக்கலாம். நீலம் ஓடினால் அது அடுத்து வந்த பேர்ல்வேர் என்ற நீலச்சாயல் பாண்டம். ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்தது. முத்திரையே இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள், அந்தக் காலத்தில் பலரும் முத்திரை போடவில்லை.

அப்புறம், தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் மெல்லிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகிறதா? யாரோ கத்தியால் இறைச்சி அறுத்துச் சாப்பிட்ட தடம் அது. எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால், வேண்டுமென்றே போட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வரும். பலர் கத்திக் கீறலைக் குறை என்று விலையைக் குறைப்பார்கள். நான் முதலில் தேடுவதே இதைத்தான். மரத்தட்டிலும் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டிலும் சாப்பிட்டுவந்த வீடுகளில் ஆளுக்கொரு வெளிர்நிறத் தட்டு வந்ததற்கு இதுதான் கண்முன் இருக்கும் சாட்சி. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற குயவர் மெருகேற்றிய இந்தப் பாண்டத்தை 1769-இல் ஜார்ஜ் வாஷிங்டனே மவுன்ட் வெர்னன் வீட்டுக்கு வரவழைத்தார். சில பத்தாண்டுகளில் விலை இறங்கி, சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது.

தட்டைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி போதும். டிஷ்வாஷர் வேண்டாம். கறையைப் போக்க பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள், வெடிப்புக்குள் இறங்கிப் பூச்சையே பெயர்த்துவிடும். சுவரில் மாட்டும் கம்பி ஸ்பிரிங்கும் வேண்டாம், விளிம்பு உடையும். மரத்தாங்கியில் நிறுத்தி வையுங்கள்.