சின்னவளின் சைக்கிளையும் விமானத்தில் எடுத்துப் போகலாமா?

சென்னையிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபோகிறீர்கள், பிள்ளைகளின் 16 அங்குல, 20 அங்குல சைக்கிள் இரண்டையும் விமானத்தில் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நாங்களும் அப்படித்தான் வந்தோம்.

சைக்கிள் கடையில் கேட்டால் புது வண்டி வந்த அட்டைப்பெட்டியைத் தருவார்கள். சீட்டை இறக்கி, ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல்களைக் கழற்றி வையுங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். டயரில் காற்றைக் குறைத்துவிடுங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் வருகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். பல விமான நிறுவனங்களில் அதுதான் வரம்பு. தாண்டினால் முன்பே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி. ஆஸ்திரேலியாவுக்குள் ஒட்டிய மண்ணோடு எதையும் விடமாட்டார்கள். டயர் பள்ளம், செயின், மட்கார்டின் உள்பக்கம் எல்லாம் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். எங்கள் மட்கார்டுக்குள்ளிருந்து மட்டும் ஒரு கைப்பிடி செம்மண் உதிர்ந்தது. இறங்கியதும் சைக்கிள் இருப்பதை மறைக்காமல் அறிவித்துவிடுங்கள்.

ஒன்று, சின்னவளுக்கு 16 அங்குலம் சீக்கிரமே சின்னதாகிவிடும். அவள் சம்மதித்தால் அதைச் சென்னையிலேயே யாருக்காவது கொடுத்துவிடலாம். அப்புறம், அதன் மணியை மட்டும் கழற்றி அவள் பையில் போட்டுவிடுங்கள். மெல்பர்னில் வாங்கும் வண்டியில் மாட்டிக்கொள்ளட்டும்.