அம்மாவுக்கு முடக்குவாதம். டாக்டர் அவர் சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை. என்ன செய்வது?

எனக்கும் முடக்குவாதம்தான், 11 வருடமாக. மூட்டுகள் வீங்கிப் பிடித்துக்கொள்ளும் இந்த நோயைத்தான் டாக்டர்கள் ஆர்ஏ என்பார்கள். உங்கள் அம்மா நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆரம்பத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்தால் பத்து விரலும் மடங்காது. பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது, புளி கரைக்க முடியாது, துணி பிழிய முடியாது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்பது மணி வாக்கில் மெல்ல விடும். ஆனால் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி என் முறை வரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். டாக்டர் விரலை மடக்கி நீட்டச் சொல்வார், அப்போது செய்துவிடுவேன். "காலையில பார்க்கணும் டாக்டர்..." என்று தொடங்குவதற்குள், "ஆர்ஏ டெஸ்ட் நெகட்டிவ்மா, நாற்பதைத் தாண்டினா கை வலி வரத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை எழுதிவிடுவார்.

இப்படியே எட்டு மாதம். இந்த நோய் இருந்தும் அந்த ரத்தப் பரிசோதனை சிலருக்கு நெகட்டிவாக வரும் என்பதோ, சீக்கிரமே சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. வலது கையில் இரண்டு விரல் இன்றும் முழுதாக நீளாது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

பிறகு பார்த்த மூட்டுவாத மருத்துவர் என் கையைத் தொடும் முன்பே ஒன்று கேட்டார்: "காலையில கை பிடிச்சுக்கிட்டா, விட எவ்வளவு நேரம் ஆகுது?" மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றேன். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் காலைப் பிடிப்பு இந்த நோயின் முக்கிய அடையாளம் என்று விளக்கினார். அதை எக்ஸ்ரே காட்டாது, நான்தான் சொல்ல வேண்டும்.

அவரிடமும் நான் ஒன்றை மறைத்தேன். இந்த நோய்க்கு அவர் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருமுறை, ஞாயிறன்று. மறுநாள் முழுக்கக் குமட்டல், வேலைக்குப் போக முடியாது. அதனால் மாதத்தில் இரண்டு வாரம் போடாமல் விட்டுவிடுவேன். வலி குறையவில்லை என்று அவர் அளவைக் கூட்டினார், குமட்டலும் கூடியது. திட்டு விழும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "போன மாசம் எத்தனை வாரம் போட்டீங்க? எதுவானாலும் பரவாயில்ல, சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதே மருந்தை ஊசியாக மாற்றினார், நாளையும் சனி இரவாக்கினார். அதற்கப்புறம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஒரே காலையில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டருக்கு நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நோயாளிகளைப் பேச விட்டால் நிறுத்த மாட்டார்கள் என்று டாக்டர்கள் பயப்பட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டு நேரம் பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. சராசரியாக 92 விநாடியில் முடித்துவிட்டார்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடம்கூடத் தாண்டவில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. காலை ஆறு மணிக்கு அம்மாவின் வீங்கிய விரல்களை போனில் படம் எடுத்து வையுங்கள். உள்ளே போனதும் "வலிக்குது" என்று தொடங்காமல், "காலையில இவ்வளவு நேரம் கை மடங்கல, இந்த வேலையெல்லாம் செய்ய முடியல" என்று தொடங்கச் சொல்லுங்கள். மாத்திரையை விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும். இத்தனைக்கும் பிறகும் டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்றால் வேறு மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். அம்மா பேச ஆரம்பித்ததும் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். என் மகன் பாசத்தில்தான் அப்படிச் செய்வான். டாக்டர் உடனே அவன் பக்கம் திரும்பிவிடுவார், அப்புறம் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்.