பென்டிரைவ்ல போட்டுப் பாத்தீங்களா? லினக்ஸ் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதி "எந்த டிஸ்ட்ரோ நல்லது" (டிஸ்ட்ரோன்னா விண்டோஸுக்குப் பதிலாப் போடற லினக்ஸோட ஒரு ரகம்), மீதிப் பாதி "போட்டேன், வரல". ரெண்டாவது வகைல நிறைய பேர் ஸ்கிரீன்ல என்ன எழுத்து வந்துச்சுன்னே எழுதல. "ஏதோ எரர்"னு மட்டும் எழுதினா நான் ஜோசியம்தான் பாக்கணும். ஃபோன்ல ஒரு படம் எடுத்து அந்த வரிய அப்படியே பாத்து எழுதுங்க, பாதிப் பிரச்சினை எழுதும்போதே உங்களுக்குப் புரிஞ்சுடும்.

சார், என் லேப்டாப்ல விண்டோஸ் 10 இருக்கு. 11 போட முடியாதுன்னு சொல்லிடுச்சு. லினக்ஸுக்கு மாறலாம்னு கேட்டா ஆஃபீஸ்ல ஒருத்தர் உபுண்டுங்கறார், இன்னொருத்தர் ஃபெடோராங்கறார், என் தம்பி ஆர்ச்தான் கெத்துங்கறான். 8 ஜிபி ரேம். பிரவுசிங், லெட்டர் டைப் பண்றது, வீடியோ பாக்கறது, அவ்ளோதான் என் வேலை. எதப் போடறது?

லினக்ஸ் மின்ட், சின்னமன்ங்கற டெஸ்க்டாப்போட வர்ற எடிஷன். இதோட அடுத்த கேள்விக்குப் போயிடலாம், ஆனா ஏன்னு சொல்லாம விட்டா உங்க தம்பி உங்கள விடமாட்டார்.

இவங்க சொல்ற எல்லாத்துலயும் உள்ள ஓடற கெர்னல், அதாவது மையப் பகுதி, ஒண்ணுதான், 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சு வச்சது. அதுமேல என்னென்ன சாஃப்ட்வேர் வருது, அத எதால இன்ஸ்டால் பண்றோம், எவ்ளோ நாளைக்கு ஒருதடவ எல்லாம் மாறும், இதுலதான் வித்தியாசமே. ஃபெடோரா சுமார் 6 மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன் விடும், ஒவ்வொண்ணுக்கும் 13 மாசம் போல சப்போர்ட், அதனால வருஷத்துக்கு ஒருதடவயாவது நீங்க மாத்தியே ஆகணும். ஆர்ச்ல வெர்ஷன்னே கிடையாது, அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும், அப்டேட் பண்றதுக்கு முன்னாடி நியூஸ் படிச்சுட்டுப் பண்ற ஆளுங்களுக்கு அது. நீங்க லெட்டர் டைப் பண்ற ஆளு. உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால சப்போர்ட் உள்ள வெர்ஷன்) ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ ஏப்ரல்ல வரும், 5 வருஷம் செக்யூரிட்டி அப்டேட் உண்டு. மின்ட் அந்த எல்டிஎஸ் மேலதான் நிக்குது, மின்ட் 22 எடுத்தா 2029 வரைக்கும் கவலை இல்ல. கீழ பார், மூலைல மெனுன்னு சின்னமன் பாக்கறதுக்கும் விண்டோஸ் மாதிரியே இருக்கும், கைக்கு உடனே பழகிடும். உபுண்டுவும் தப்பில்ல, ஆனா அதோட டெஸ்க்டாப் வேற மாதிரி, சிலருக்குப் பிடிக்கும், சிலர் ரெண்டாவது நாளே கோவப்படுவாங்க.

ஆனா நான் சொல்றேன்னு இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. பென்டிரைவ்ல எழுதி லைவா ஓட்டுங்க. ஒரு சாயங்காலம் முழுக்க அதுலயே வேலை பாருங்க, வைஃபை வருதா, சத்தம் வருதா, புளூடூத் ஹெட்செட் சேருதா, மூடிய மூடித் திறந்தா மறுபடி முழிக்குதா, டச்பேட்ல ரெண்டு விரல் ஸ்க்ரோல் ஆகுதா. முக்கியமா அந்த மூடி. எத்தனையோ பேர் அத மட்டும் பாக்காம விட்டுட்டு அப்புறம் வந்து அழுவாங்க. டிஸ்க்ல ஒரு எழுத்துகூட மாறாது, பென்டிரைவ்ல ஓடறதால கொஞ்சம் மெதுவா இருக்கும், அத வச்சு வேகத்த முடிவு பண்ணாதீங்க. அப்புறம் ஃபோட்டோஷாப் மாதிரி ஏதாவது ஒண்ணு இல்லாம உங்க பொழப்பு நடக்காதுன்னா அத இப்பவே யோசிச்சுக்கோங்க, அதுக்கு லினக்ஸ் வெர்ஷன் கிடையாது.

இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்னிக்கு முடிஞ்சுது. அதுக்காகப் பதறிப்போய் ஒரே ராத்திரில எல்லாத்தையும் மாத்த வேணாம், ஒரு வாரம் எடுத்துக்கோங்க.

அண்ணா, உபுண்டு இன்ஸ்டால் பண்றேன், இன்ஸ்டாலர்ல என்னோட 512 ஜிபி எஸ்எஸ்டியே தெரியல, பென்டிரைவ் மட்டும்தான் காட்டுது. விண்டோஸ்ல நல்லா வேலை செய்யுது. டிஸ்க் போச்சா?

டிஸ்க் நல்லாத்தான் இருக்கு தம்பி. பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திறக்கற செட்டிங் ஸ்கிரீன்) ஸ்டோரேஜ் செட்டிங்ல ரெய்டு, இல்ல இன்டெல் ஆர்எஸ்டின்னு இருக்கான்னு பாருங்க. நிறைய லேப்டாப் ஃபேக்டரில இருந்தே அப்படித்தான் வரும். அந்த மோட்ல டிஸ்க் இன்டெல் கன்ட்ரோலருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், லினக்ஸ் கண்ணுக்குப் படாது. அத ஏஹெச்சிஐன்னு (AHCI, டிஸ்க்க நேரா காட்டற மோட்) மாத்தணும்.

இருங்க, ஓடிப்போய் மாத்திடாதீங்க! சும்மா மாத்தினீங்கன்னா அடுத்த தடவ விண்டோஸ் நீல ஸ்கிரீன் காட்டி நின்னுடும், அதுக்கு ஏஹெச்சிஐ டிரைவர ஆரம்பத்துலயே லோட் பண்ணணும்னு தெரியாது. அதனால வரிசை முக்கியம். முதல்ல விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கப் பூட்டி வைக்கற வசதி) ஓடுதான்னு பாருங்க, நீங்க ஆன் பண்ணலன்னாலும் அதுவா ஆன் ஆகியிருக்கலாம், ஓடுச்சுன்னா அந்த 48 இலக்க ரெக்கவரி கீய பேப்பர்ல எழுதிக்கோங்க, அதே லேப்டாப்புல ஃபைலா சேவ் பண்ணி வைக்காதீங்க (சிரிக்காதீங்க, நான் பாத்திருக்கேன்). அப்புறம் விண்டோஸ்ல எம்எஸ்கான்ஃபிக் (msconfig) டூலத் திறந்து பூட் பக்கத்துல சேஃப் பூட்ல டிக் போடுங்க, ரீஸ்டார்ட் ஆகும்போது நேரா பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ மாத்துங்க, விண்டோஸ் சேஃப் மோட்ல வரும், அப்பதான் அது சரியான டிரைவரப் பிடிச்சுக்கும். உள்ள போனதும் அந்த டிக்க எடுத்துட்டு இன்னொரு ரீஸ்டார்ட். சேஃப் மோட்ல சில சமயம் பின் நம்பர் எடுக்காது, அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

விண்டோஸ் ஒழுங்கா வந்துச்சுன்னா உபுண்டு பென்டிரைவப் போடுங்க, டிஸ்க் தெரியும். ரெண்டும் சேந்து இருக்கப்போகுதுன்னா விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் ஆஃப் பண்ணிடுங்க. அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணினாலும் விண்டோஸ் முழுசா தூங்காது, பாதித் தூக்கத்துல இருக்கற அந்தப் பார்ட்டிஷன (டிஸ்க்ல விண்டோஸோட பகுதிய) லினக்ஸ் எழுதவிடாது, படிக்க மட்டும்தான் விடும்.

மின்ட் இன்ஸ்டால் ஆச்சு, ரீஸ்டார்ட் பண்ணினா லோகோ வந்துட்டு அப்புறம் ஒரே கருப்பு. என்விடியா கார்ட். மூணு தடவ திரும்பத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டேன், அதேதான்.

நாலாவது தடவ பண்ணாதீங்க, முப்பது தடவ பண்ணினாலும் இதேதான் வரும். உங்க இன்ஸ்டாலேஷன்ல தப்பில்ல, கூடவே வர்ற நூவோ டிரைவருக்கும் உங்க கார்டுக்கும் ஒத்துப்போகல போல.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எஸ்கேப் தட்டுங்க (பழைய மெஷின்னா ஷிஃப்ட் அழுத்திப் பிடிங்க), எதுல பூட் ஆகணும்னு கேக்கற க்ரப் மெனு வரும். முதல் வரில நின்னுக்கிட்டு ஈ தட்டினா கொஞ்சம் டெக்ஸ்ட் வரும், அதுல லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரிக்குப் போய் கடைசில ஒரு இடம் விட்டு நோமோட்செட்னு (nomodeset) ஆங்கிலத்துல சின்ன எழுத்துல அடிங்க, எஃப்10. டெஸ்க்டாப் வரும், கொஞ்சம் அசிங்கமா பெரிசு பெரிசா இருக்கும், பரவால்ல. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், நிரந்தரமில்ல. உள்ள போனதும் டிரைவர் மேனேஜர் திறந்து ரெக்கமண்டட்னு போட்டிருக்கற என்விடியா டிரைவர இன்ஸ்டால் பண்ணுங்க.

நிறைய பேர் கோட்ட விடற இடம் இதுக்கு அப்புறம்தான் இருக்கு. செக்யூர் பூட் (தெரியாத சாஃப்ட்வேர பூட்ல விடாத பயாஸ் செட்டிங்) ஆன்ல இருந்தா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், ரீஸ்டார்ட்ல ஒரு நீல ஸ்கிரீன் வந்து சில நொடிதான் நிக்கும். அதப் பாத்து பயந்துபோய் கன்டினியூ பூட் குடுத்துடறாங்க. அங்க என்ரோல் எம்ஓகேன்னு (Enroll MOK) இருக்கறதத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டக் குடுக்கணும், இல்லன்னா டிரைவர் டிஸ்க்ல சும்மா உக்காந்திருக்கும், கெர்னல் அத உள்ள விடாது. தவற விட்டீங்கன்னா டிரைவர எடுத்துட்டு மறுபடி போடுங்க, திரும்பக் கேக்கும்.

வீட்ல ஒரு பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் இருக்கு. பொண்ணு படிக்கறதுக்கு லினக்ஸ் போட்டுக் குடுக்கலாம்னு பாத்தா எல்லாம் 64 பிட்தான் இருக்குன்னு சொல்றாங்களே?

விண்டோஸ் 32 பிட்னா ப்ராசஸரும் 32 பிட்னு அர்த்தமில்லம்மா. சிஸ்டம் செட்டிங்ல சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும், அதுல "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்"னு இருந்துச்சுன்னா உங்க மெஷின் 64 பிட் மெஷின்தான், யாரோ 32 பிட் விண்டோஸப் போட்டு வச்சிருக்காங்க. நிஜமாவே 32 பிட்னா டெபியன்ங்கற டிஸ்ட்ரோவோட 12வது வெர்ஷன் இருக்கு, நீண்டகால சப்போர்ட் 2028 ஜூன் வரைக்கும். 2025ல வந்த டெபியன் 13ல இருந்து 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்ல.

64 பிட்னா லுபுண்டு, இல்ல ஆன்டிஎக்ஸ்னு லேசான டிஸ்ட்ரோ போட்டுப் பாருங்க. மின்ட்டோட லேசான எக்ஸ்எஃப்சிஇ எடிஷனுக்கும் குறைஞ்சபட்சம் 2 ஜிபின்னுதான் போட்டிருப்பாங்க, ஆனா குறைஞ்சபட்சம்ங்கறது உயிரோட இருக்கறதுக்கு, ஓடி விளையாடறதுக்கு இல்ல. உண்மையச் சொன்னா எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ரேமத் தின்னறது பிரவுசர்தான், பத்து டேப் திறந்தா 2 ஜிபி எந்த மூலைக்கு? ரேம் ஸ்லாட் காலியா இருந்தா இன்னொரு 2 ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி, இந்த ரெண்டும் பண்ணினா டிஸ்ட்ரோவத் தேடி அலையறதவிடப் பலன் அதிகம்.

சாஃப்ட்வேர் போடப் போனா "குட் நாட் கெட் லாக்"னு (Could not get lock) வருது. இணையத்துல அந்த லாக் ஃபைல டெலீட் பண்ணச் சொல்றாங்க, பண்ணலாமா?

வேணாம். பின்னாடி ஆட்டோ அப்டேட் ஓடிக்கிட்டிருக்கு, அதான் பூட்டு. புதுசா இன்ஸ்டால் பண்ணின மெஷின்ல முதல் நாள் இது அடிக்கடி வரும், கொஞ்ச நேரம் வேற வேலை பாருங்க. ரொம்ப நேரமாகியும் நகரலன்னா ஒரு ரீஸ்டார்ட். வேலை நடக்கும்போது பூட்ட உடைச்சா பேக்கேஜ் லிஸ்ட் குழம்பிப்போகும்.

டூயல் பூட் (ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும்) பண்ணதுல இருந்து விண்டோஸ்ல கடிகாரம் சில மணி நேரம் தப்பாக் காட்டுது. பேட்டரி போச்சா?

பேட்டரி நல்லாருக்கு. மதர்போர்ட்ல இருக்கற கடிகாரத்த லினக்ஸ் யுடிசின்னு (உலகப் பொது நேரம்) நினைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம்னு நினைக்கும், ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திருத்திக்கறாங்க. லினக்ஸ் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1, கமாண்ட தமிழ்ல எழுதறப்ப எனக்கே சிரிப்பு வருது), நீங்க ஆங்கிலத்துல சின்ன எழுத்துல அடிங்க, சண்டை தீந்துடும்.

விண்டோஸ் அப்டேட் ஆச்சு, லினக்ஸ் மெனுவே காணோம், நேரா விண்டோஸுக்குள்ள போயிடுது. எல்லாம் அழிஞ்சுடுச்சா?

பெரும்பாலும் அழிஞ்சிருக்காது, பூட் வரிசைல விண்டோஸ் முன்னாடி வந்து உக்காந்திருக்கும். பயாஸுக்குள்ள பூட் ஆர்டர்ல உபுண்டுன்னு ஒண்ணு இருக்கான்னு பாத்து மேல ஏத்துங்க, மின்ட் போட்டவங்களுக்கும் அங்க உபுண்டுன்னே பேர் இருக்கலாம், குழம்பாதீங்க. பேரே இல்லன்னா லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி பூட் ரிப்பேர்னு ஒரு டூல் இருக்கு, அத ஓட்டுங்க. பென்டிரைவ் எந்த மோட்ல பூட் ஆகுதுன்னு பாத்துக்கோங்க, விண்டோஸ் யுஇஎஃப்ஐல (புது பூட் முறை) இருந்து பென்டிரைவ் லெகசில (பழைய முறை) பூட் ஆனா நீங்க சரி பண்றதெல்லாம் வேற இடத்துல போய் உக்காரும்.

சார், "இரேஸ் டிஸ்க்" குடுத்துட்டேன். அது லினக்ஸுக்கு இடம் ஒதுக்கறதுன்னு நினைச்சேன். டி டிரைவ்ல குழந்தைங்க ஃபோட்டோ எல்லாம் இருந்துச்சு. எப்படியாவது எடுக்க முடியுமா?

அந்த லேப்டாப் ஆன்ல இருந்தா இப்பவே ஆஃப் பண்ணுங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.

நானும் இதப் பண்ணியிருக்கேன். ரெண்டு டிஸ்க் இருந்த மெஷின்ல பேரப் பாக்காம தப்பான டிஸ்க்கத் தேர்ந்தெடுத்து, வேகமா நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிட்டு, பாதி ஓடினப்பறம்தான் வயித்துல கலக்குச்சு. அதனால உங்களத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல.

பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்னா நல்ல வாய்ப்பு இருக்கு. புது லினக்ஸ் எழுதின இடம் போனது போனதுதான், ஆனா மிச்ச இடத்துல பழைய ஃபோட்டோ அப்படியே கிடக்கும், லிஸ்ட் மட்டும்தான் போயிருக்கும். வேற கம்ப்யூட்டர்ல லைவ் பென்டிரைவ் ஒண்ணு தயார் பண்ணி அதுல பூட் பண்ணி ஃபோட்டோரெக்னு ஒரு ரெக்கவரி டூல் இருக்கு, அத ஓட்டுங்க, இலவசம்தான். கிடைக்கறத வேற வெளி டிஸ்க்ல சேவ் பண்ணணும், அதே டிஸ்க்ல எழுதினா நீங்களே மேல மண்ணள்ளிப் போடற மாதிரி. ஃபைல் பேர் எதுவும் திரும்பாது, ஆயிரக்கணக்குல நம்பர் போட்ட படமா வரும், உக்காந்து பிரிக்கணும்.

எஸ்எஸ்டின்னா உங்களுக்கு ஆறுதலாப் பொய் சொல்ல மனசு வரல. புதுசா ஃபார்மட் பண்ணும்போதே இந்த இடமெல்லாம் காலின்னு டிஸ்க்குக்குச் சொல்லிடும், டிஸ்க்கும் உள்ள துடைச்சுடும், அப்புறம் எந்த டூலுக்கும் பெரிசா எதுவும் சிக்காது. முயற்சி பண்ணிப் பாருங்க, ஆனா அதுக்கு முன்னாடி பழைய ஃபோன், கேமரா மெமரி கார்டு, சொந்தக்காரங்களுக்கு அனுப்பின மெசேஜ், கூகுள் ஃபோட்டோஸ் அக்கவுண்ட், இதெல்லாம் ஒண்ணு விடாமத் தேடுங்க. எந்த டிஸ்க்னு எழுதி அனுப்புங்க, ஹார்ட் டிஸ்க்னா ஃபோட்டோரெக்ல எந்த ஆப்ஷனத் தேர்ந்தெடுக்கணும்னு அடுத்த இதழ் வரைக்கும் காக்க வைக்காம உடனே பதில் போடறேன்.