பசுமைச் சான்றிதழை நம்பிப் பணம் போடலாமா?

கேள்வி: ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை, வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டில் போட நினைக்கிறேன். லீட் தங்கச் சான்றிதழ், கிரெஸ்ப் ஐந்து நட்சத்திரம், சமூகப் பொறுப்பு என்று அறிக்கை முழுக்க எழுதியிருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் கெடுதல் செய்யாத இடத்தில்தான் என் பணம் இருக்க வேண்டும். எதை வைத்துச் சரிபார்ப்பது? இப்படித் தேர்ந்தெடுத்தால் வருமானம் குறையுமா?

பதில்: இந்தச் சான்றிதழ்கள் பொய்யல்ல. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவை பாதிப் பதில்தான் சொல்கின்றன.

லீட் (LEED) என்பது கட்டடங்களுக்குத் தரும் பசுமைச் சான்றிதழ், அது புள்ளிக் கணக்கு. 60 முதல் 79 புள்ளி வரை எடுத்தால் தங்கம். புதுக் கட்டடத்துக்குத் தரும் சான்றிதழ் பெரும்பாலும் வடிவமைப்பையும் கட்டிய விதத்தையும் பார்த்துத் தருவது. ஐந்து வருடம் கழித்து அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அது சொல்லாது. 2009இல் தொடங்கிய கிரெஸ்ப் (GRESB), ஃபண்டை மொத்தமாக மதிப்பிடுகிறது. அதன் நட்சத்திரம் மற்ற ஃபண்டுகளோடு ஒப்பிட்டுத் தரும் தர வரிசை. வகுப்பில் முதல் வரிசையில் இருப்பது வேறு, பாடம் முழுதாகத் தெரிந்திருப்பது வேறு. கட்டடங்களின் ஆற்றல் செலவைத் தரப்படுத்தும் ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் (NABERS) முறை எனக்குப் பிடிக்கக் காரணம், அது 12 மாத உண்மையான மீட்டர் கணக்கைக் கேட்கிறது.

ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்தை ஆய்வு செய்யப் போயிருந்தேன். வரவேற்பறைச் சுவரில் சான்றிதழ்ப் பலகை பளபளத்தது. இரவு பத்து மணிக்கு அடித்தளத்துக்குப் போய்ப் பார்த்தால், மொத்தக் கட்டடத்தையும் குளிரூட்டும் பெரிய சில்லர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே எல்லா மாடியும் காலி. ஒரே ஒரு நிறுவனத்தின் சர்வர் அறைக்குக் குளிர் தேவை, அதற்குத் தனி ஏசி வைக்க யாரும் பணம் ஒதுக்கவில்லை. "தினமும் இப்படித்தான் சார்" என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். அந்த வருட மின்கட்டண ரசீதுகளை எடுத்துப் பரப்பால் வகுத்ததும் கதை தெரிந்துவிட்டது. சான்றிதழில் அது எங்கேயும் இல்லை.

அதனால் ஃபண்டிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது, கடந்த மூன்று வருடக் கணக்கு என்ன? "கார்பன் வெளியீட்டை இவ்வளவு சதவீதம் குறைத்தோம்" என்று மட்டும் பதில் வந்தால், இடையில் எந்தக் கட்டடங்களை விற்றீர்கள் என்று கேளுங்கள். மோசமான கட்டடத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டால் ஃபண்டின் சராசரி குறையும், புகை குறையாது. இரண்டு வருடமும் கையில் இருந்த அதே கட்டடங்களை ஒப்பிட்டுச் சொன்னால்தான் கணக்கு.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதையே பசுமை என்று சொல்பவர்களும் உண்டு. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. புதுக் கட்டடம் எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும், அதைக் கட்டும்போதே வெளியான இந்தக் கார்பன் கடனை அடைக்கவே பல வருடம் ஆகும். 1931இல் திறந்த நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் புதுப்பித்தபோது 6,514 ஜன்னல்களைத் தூக்கி எறியவில்லை. கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே சீரமைத்துத் திரும்ப மாட்டினார்கள். ஆற்றல் செலவை 38 சதவீதம் குறைப்பது அந்தத் திட்டத்தின் இலக்கு.

சரி, மனிதர்கள் பக்கம் வருவோம். இங்கேதான் அறிக்கைகள் மரம் நட்ட படத்தோடு நின்றுவிடுகின்றன.

லண்டனின் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். 2015, 2016இல் அதைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் வெப்பக் காப்பும் அதன்மேல் உறைப் பலகைகளும் பொருத்தினார்கள். காகிதத்தில் பார்த்தால் வீடுகளின் ஆற்றல் சிக்கனத்துக்கு நல்ல வேலை. ஆனால் அந்தப் பலகைகளின் நடுவில் இருந்தது எளிதில் எரியும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அதிகாலையில் தீ வெளிச்சுவர் வழியாக ஏறியது. 72 பேர் இறந்தார்கள். தீப் பாதுகாப்பு சரியில்லை என்று குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே எழுதியிருந்தார்கள். இதைப் படித்த பிறகு, குடியிருப்போர் புகார்ப் பதிவேட்டைப் பார்க்காமல் நான் எந்தக் கட்டடத்துக்கும் ஒப்புதல் சொல்வதில்லை. என்ன புகார், எத்தனை நாளில் தீர்ந்தது, திரும்பத் திரும்ப வரும் புகார் எது என்பதை நீங்களும் கேளுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெப்பக் காப்புக்குச் செலவு செய்பவர் உரிமையாளர், மின்கட்டணம் மிச்சமாவதோ வாடகைக்கு இருப்பவருக்கு. அதனால் உரிமையாளர் ஒன்றுமே செய்யாமல் இருப்பார், அல்லது செய்துவிட்டு வாடகையை ஏற்றுவார். ஏற்றினால் பழைய குடும்பங்கள் வெளியேறும். செலவையும் மிச்சத்தையும் இருவரும் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தத்திலேயே வழி செய்யலாம், பல நாடுகளில் செய்கிறார்கள். ஃபண்டிடம் இதைக் கேளுங்கள்: புதுப்பித்த கட்டடங்களில், முன்பு இருந்தவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள்? காவலாளி, துப்புரவுப் பணியாளர்களின் ஒப்பந்தக்காரர் சம்பளத்தை ஒழுங்காகத் தருகிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆரம்ப வருடங்களில் கைக்கு வருவது குறையலாம், சீரமைப்புக்குப் பணம் போகும். ஆனால் எதுவும் செய்யாமல் விட்ட கட்டடத்தின் கதையையும் பாருங்கள். நெதர்லாந்தில் 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரும்பாலான அலுவலகக் கட்டடங்கள், 2023 ஜனவரி 1 முதல், ஆற்றல் தரத்தில் குறைந்தது 'சி' பெற்றிருந்தால்தான் அலுவலகமாக இயங்கலாம். நியூயார்க்கில் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் கார்பன் வரம்பு உண்டு, தாண்டினால் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் வரை அபராதம். வெள்ளம் வரும் இடத்தில் இருக்கும் கட்டடத்துக்குக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறுவதும் உங்கள் பங்கிலிருந்துதான் போகும். ஃபண்டின் கட்டடங்களில் எது எந்த ஆண்டில் கார்பன் வரம்பைத் தாண்டும் என்று கேளுங்கள். இதைக் கணக்கிட கிரெம் (CRREM) என்ற முறை இருக்கிறது, நல்ல ஃபண்டுகள் பயன்படுத்துகின்றன.

முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு இந்தக் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். கட்டடவாரியாகப் பட்டியல் வந்தால், அதில் இரண்டு மூன்று எண்கள் மோசமாக இருந்தாலும் நான் அந்த ஃபண்டைத்தான் விரும்புவேன். அப்போதும் மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் போட வேண்டாம். பாதியைப் போடுங்கள், அடுத்த வருட அறிக்கையில் அதே மோசமான கட்டடங்களின் எண்ணைத் தேடிப் பாருங்கள், அப்புறம் மீதியைப் பற்றி முடிவெடுக்கலாம்.